மாலை போட்ட வழக்கு

எங்கள் கோவைப் பக்கம் மறியல் என்றால் கல்யாண மண்டபத்தில்தான் போய் முடியும். வேனில் ஏற்றி, மண்டபத்தில் இறக்கி, பேரும் முகவரியும் எழுதிக்கொண்டு, மத்தியானம் சோற்றுப் பொட்டலம் கொடுத்து, பொழுது சாய்ந்ததும் விட்டுவிடுவார்கள். பெரியப்பாவுக்குத் துண்டு கொடுக்கச் சிறுவயதில் அந்த வாசலில் நின்றிருக்கிறேன். அவர் பஞ்சாலைத் தொழிற்சங்கக்காரர். ஒரு வேலைநிறுத்தம் மட்டும் மண்டபத்தோடு நிற்காமல் கோர்ட்டுக்குப் போனது. சட்டவிரோதமாகக் கூடியதாக இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 143ஆம் பிரிவு. அபராதம் கட்டி வந்தவருக்கு மில் வாசலில் மாலை போட்டார்கள்.

பெரியப்பாவுக்கு நியூஜெர்சியில் பேரன் பிறந்து, பார்க்கப் போக நினைத்தபோதுதான் அந்த வழக்கு மறுபடி தலைதூக்கியது. அமெரிக்க விசாவுக்கான டி.எஸ்.160 விண்ணப்பம் கேட்கிறது: எப்போதாவது கைதானதுண்டா, தண்டனை பெற்றதுண்டா? மன்னிப்புக் கிடைத்திருந்தாலும் சொல்லியாக வேண்டும். உதவிக்கு வந்த ஏஜென்ட், "இல்லைன்னு போட்டுருங்க, யாருக்குத் தெரியப் போகுது" என்றார். பெரியப்பா நிமிர்ந்தார். "களவாணித்தனம் பண்ணியா உள்ள போனேன் கண்ணு? கூலி கேட்டுப் போனேன். அதை எதுக்கு மறைக்கோணும்?"

அப்போது எனக்கு மண்டேலா நினைவு வந்தது. 1990இல் அவர் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசியபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆனால் அவருடைய கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸுக்கு இருந்த தடையால், அந்த நாட்டுக்குள் நுழைய 2008 வரை அவருக்கே தனி விலக்கு தேவைப்பட்டது. சட்டத்தைத் திருத்தியபோது அவருக்குத் தொண்ணூறு வயது நிறையும் தறுவாய். இருபத்தேழு ஆண்டு சிறையிருந்த மனிதருக்கு அந்த நாடு செய்த அநீதி அது.

விசா வரை போக முடியாதவர்களும் உண்டு. குற்றவியல் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டையே மறுக்க 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் 6ஆம் பிரிவு இடம் தருகிறது. கூடங்குளம் அணு உலையை எதிர்த்த இடிந்தகரை இளைஞர்கள் அதில் மாட்டித் தவித்தார்கள். அந்த வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2013இல் சொன்னது. கடலைத் தாண்டிப் பிழைக்கப் போகிற ஊருக்குப் பாஸ்போர்ட் இல்லையென்றால் பாதிச் சோறு இல்லை.

இன்னொரு பக்கம், குடித்துவிட்டு வண்டி ஓட்டி, கோர்ட்டில் அபராதம் கட்டி, அத்தோடு விட்டது என்று நினைக்கிற பையன்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. அபராதமும் தண்டனைதான். கனடா 2018 டிசம்பரில் அதைப் பத்தாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கிவிட்டது. வெளிநாட்டில் பெற்ற தண்டனையையும் தன் சட்டத்தோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கும். அந்த ஒரு வழக்கே டொரண்டோ விமான நிலையத்தில் ஆளை நிறுத்திவிடும்.

பெரியப்பா வழக்கு அப்படிப்பட்டதல்ல. அமெரிக்கச் சட்டம் முக்கியமாகப் பார்ப்பது திருட்டு, மோசடி போன்ற ஒழுக்கக்கேடான குற்றங்களையும் போதைப்பொருள் வழக்குகளையும். கூலி கேட்டுக் கூடியது அந்தக் கணக்கில் வராது. விசாவுக்காகப் பொய் சொன்னது தெரிந்தால் வரும் தடைக்கோ காலவரையறை கிடையாது, விலக்கு வாங்கினால்தான் உண்டு. ஏஜென்ட் சொன்னபடி கேட்டிருந்தால், குற்றமே இல்லாத இடத்தில் ஒரு குற்றத்தை நாங்களே உண்டாக்கியிருப்போம்.

தீர்ப்பு நகலுக்கு மனு போட்டோம். பதிவறையில் வக்கீல் குமாஸ்தா சிவப்புத் துணிக் கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கித் தட்ட, தும்மல் தாங்கவில்லை. மஞ்சளேறிய தாளில் பெரியப்பாவின் பேர், அப்பா பேர், மில் பேர் எல்லாம் மசி மங்காமல் இருந்தன. சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் அதிகாரி அந்த நகலை வாங்கிப் படித்து, வேலைநிறுத்தம் எதற்காக என்று கேட்டாராம். "கூலிக்கு" என்றிருக்கிறார் பெரியப்பா. சில வாரம் நிறுத்திவைத்துவிட்டுத்தான் விசா கொடுத்தார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய வழக்கு இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். முதலில் நகல் மனு போடுங்கள். பழைய கட்டு அழிக்கப்பட்டிருந்தால் அதைக் குறிப்பிட்டே கோர்ட்டில் சான்று வாங்குங்கள். டிக்கெட் எடுப்பதெல்லாம் அதற்கப்புறம்.