ஓரியின் மலையில் ஒரு காத்திருப்பு

2012ஆம் ஆண்டு ஐப்பசியில் நாங்கள் நால்வர் கொல்லிமலைக்குச் சென்றோம். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, அறப்பளீஸ்வரர் கோயில் கொண்டிருக்கும் வளப்பூர் நாட்டை அடைந்தபோது பிற்பகலாகியிருந்தது. ஓரி ஆண்ட மலையைக் காணவேண்டும் என்ற சங்க இலக்கிய மோகமே எங்களை அங்கே இட்டுச் சென்றது. நினைவில் தங்கியதோ ஓர் அரவை மில்.

மில்லின் வாசலில் ஆறேழு பெண்கள் சாமை மூட்டைகளோடு அமர்ந்திருந்தனர். மும்முனை மின்சாரம் வரவேண்டும். எப்போது வரும் என்று கேட்டோம். "வந்தா வரும் சாமி, வராட்டி நாளைக்கி" என்றார் மூத்தவர் ஒருவர். அக்குரலில் கோபமே இல்லாததுதான் எங்களை உறுத்தியது.

சாமையின் உமியை நீக்குவது எளிய வேலையன்று. உரலிலிட்டுக் குத்தவேண்டும், அந்த உழைப்பு முழுவதும் பெண்களுடையது. இம்மலையில் சிறுதானியம் குறைந்து மரவள்ளி பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே அரவை இயந்திரங்களைக் கொண்டுவந்து மகளிர் குழுக்களின் பொறுப்பில் விட்டது அந்தச் சுமையைக் குறைப்பதற்காகத்தான். நாங்கள் சென்ற அன்று இயந்திரம் இருந்தது, மின்சாரம் இல்லை.

அந்த ஆண்டின் மின்வெட்டை மறந்தவர் இருக்க மாட்டார்கள். சென்னைக்கு 2 மணி நேரம் என்றால், பிற மாவட்டங்களில் பல நாட்கள் 10 மணி நேரத்தையும் தாண்டியது. காற்றாலைப் பருவம் முடிந்த ஐப்பசியில் நிலைமை இன்னும் மோசமாயிற்று. மின்சாரம் உற்பத்தியாகும் கணத்திலேயே செலவாகவேண்டிய பொருள். உற்பத்தி போதாதபோது யாரேனும் விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். யார் விட்டுக்கொடுப்பது என்பதை அன்று வரைபடம் தீர்மானித்தது.

இப்போது அந்த விட்டுக்கொடுத்தலுக்கே விலை பேசுகிறார்கள். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் 2024இலும் வர்ஜீனியா 2025இலும் 'மெய்நிகர் மின் நிலைய'ங்களை ஊக்குவிக்கச் சட்டம் இயற்றின. புகைபோக்கியும் அணையும் இல்லாத மின் நிலையம் அது. ஆயிரக்கணக்கான வீடுகளின் கூரைச் சூரியத் தகடுகள், பேட்டரிகள், வெந்நீர்க் கலன்கள், மின் வாகனங்கள் ஆகியவற்றை மென்பொருளால் ஒன்றிணைக்கிறார்கள். நெருக்கடி நேரத்தில் அவை சேமித்ததைத் தருகின்றன, அல்லது நுகர்வைச் சற்று ஒத்திவைக்கின்றன. அதற்குரிய தொகை வீட்டுக்காரருக்குக் கிடைக்கிறது.

நமக்கும் இது அந்நியமான சிக்கலன்று. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகலில் சூரிய மின்சாரம் தாங்குகிறது. பொழுது சாய்ந்தபின் தகடுகள் ஓய்ந்துவிட, தேவை மட்டும் ஓய்வதில்லை. நீரை மேலேற்றி வைத்துத் தேவையானபோது இறக்கும் 400 மெகாவாட் காடம்பாறை நிலையம் போன்றவை சிறிது தோள் கொடுக்கின்றன. மத்திய அரசின் 2023ஆம் ஆண்டு விதித் திருத்தம், சூரிய ஒளி நேரக் கட்டணம் வழக்கமானதைவிடக் குறைந்தது 20 விழுக்காடு மலிவாக இருக்கவேண்டும் என்கிறது. வணிக, தொழில் நுகர்வோருக்கு 2024 ஏப்ரலும், விவசாயம் நீங்கலாகப் பிறருக்கு 2025 ஏப்ரலும் அது விதித்த கெடுக்கள். ஸ்மார்ட் மீட்டர் அதற்கு அவசியம். இது பாதி வழி மட்டுமே. நேரம் பார்த்துச் செலவிடுபவருக்குச் சலுகை உண்டு. வலைக்கு உதவியவர் என்ற கணக்கு இல்லை.

இங்கேதான் அந்தப் பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள். சாமை ஒரு நாள் காத்திருந்தால் கெட்டுவிடாது. நண்பகலில் அரைத்து மாலை 7 மணிக்கு நிறுத்தக்கூடிய மில், பொறியாளர்கள் தேடும் நெகிழ்வின் நல்ல உதாரணம். ஆனால் இத்தகைய சட்டங்களின் பலன் முதலில் பேட்டரியும் குளிர்சாதனமும் வைத்திருப்பவரையே சென்றடையும். நிறைய நுகர்பவரிடம்தான் குறைப்பதற்கும் நிறைய இருக்கிறது. இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் உள்ள வீடு எதைக் குறைத்துக் காட்டும்? மலைக்கிராமங்களின் மில்களையும் நீரேற்று மோட்டார்களையும் குழுக்களாகச் சேர்க்க வழிவகுக்காத சட்டம், பழைய வரைபடத்தையே புதிய மையில் வரையும்.

ஓரி கடையெழு வள்ளல்களில் ஒருவன். கொடை என்பது கொடுப்பவன் அறிந்து, விரும்பிக் கொடுப்பது. அன்று அப்பெண்கள் கொடுத்த மணி நேரங்களை அவ்வாறு சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. அவர்களிடம் யாரும் கேட்கவே இல்லை.

நாங்கள் கிளம்பும்வரை மின்சாரம் வரவில்லை. அவர்கள் மூட்டைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு இருட்டில் நடந்தார்கள்.