உலை அணைந்த ஊரின் ரக்பி

ஹனமாகியில் ஏறினால் கமாய்ஷிக்கு 90 கிலோமீட்டர். மலைகளைக் குடைந்தும் பள்ளத்தாக்குகளைச் சுற்றியும் ரயில் மெல்லக் கடலை நோக்கி இறங்குகிறது. கடற்கரை ஊர் என்று நினைத்து நிலையத்தை விட்டு வெளியே வருகிறவர்களுக்கு முதலில் தெரிவது எஃகு ஆலைதான். ஒஷிமா தகாதோ 1857-இல் மேற்கத்திய முறை ஊது உலையில் இரும்பை உருக்கியது இந்த ஊரின் மலைப்பக்கத்தில். ஜப்பானின் நவீன இரும்புத் தொழில் இங்கே பிறந்தது.

இந்த ஆலையின் தொழிலாளர்கள் ஒரு காலத்தில் ஜப்பான் ரக்பியை ஆண்டார்கள். ஜப்பானில் கம்பெனி அணி என்றால் சட்டையில் கம்பெனிப் பெயர் இருப்பதோடு முடிந்துவிடாது. ஆடுகிறவரே அந்தக் கம்பெனியின் ஊழியர். முழுநேர வீரர்கள் பெருகிவிட்ட இன்றும் பல அணிகளில் ஊழியர்கள் ஆடுகிறார்கள். கமாய்ஷி அணியில் பெரும்பாலோர் வடகிழக்குப் பகுதியில் பள்ளிப்படிப்பு முடித்த கையோடு ஆலைக்கு வந்தவர்கள். வேலை முடிந்துதான் பயிற்சி. 1979 முதல் 1985 வரை தொடர்ந்து ஏழு முறை தேசியப் பட்டத்தை வென்றது இந்த அணி.

அந்நாளில் பட்டத்துக்கான ஆட்டம் ஜனவரி 15 அன்று டோக்கியோ தேசிய அரங்கில் நடக்கும். ஒரு பக்கம் கம்பெனிகளின் சாம்பியன், மறுபக்கம் பல்கலைக்கழகங்களின் சாம்பியன். கமாய்ஷிக்காரர்கள் கொண்டுவரும் கொடிகள் தனி. மீன் நிறையப் பிடிபட்ட படகு கரை திரும்பும்போது ஏற்றுகிற கொடி அது: சிவப்பு, நீலம், மஞ்சள் என்று கண்ணைப் பறிக்கும் சாயம், துள்ளும் மீன், பொங்கும் அலை, பெரிய எழுத்தில் படகின் பெயர். ஆலை அணிக்கு மீனவர் கொடி! பத்திரத்தில் கம்பெனிக்குச் சொந்தமான அணி யாருடையதாகிவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

1985-இல் ஏழாவது பட்டம். எதிரே தோஷிஷா பல்கலைக்கழகம். ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்த மட்சுவோ யூஜி 31-17 என்று வென்று விடைபெற்றார். தோற்ற அணியில் ஹிராவோ செய்ஜி என்ற இளைஞர் இருந்தார். அவர் பெயரை நினைவில் வையுங்கள்.

1989-இல் கடைசி ஊது உலையும் அணைந்தது. 1960-களில் 90,000-ஐத் தொட்ட மக்கள்தொகை சரிந்துகொண்டே வந்து இன்று 30,000 அளவில் நிற்கிறது. 2001-இல் ஆலை அணி ஊரார் அணியானது, ‘கமாய்ஷி சீவேவ்ஸ்’ என்ற புதுப்பெயரோடு. கம்பெனி கைவிட்டால் அணியும் கலைந்துபோவது வழக்கம். இவர்கள் கலையவிடவில்லை என்பதையே ஏழு பட்டங்களைவிடப் பெரிதாக நான் மதிக்கிறேன்.

2011 மார்ச் 11 சுனாமியில் இந்த ஊர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இழந்தது. சீவேவ்ஸ் வீரர்கள் நிவாரணப் பொருள் சுமந்தார்கள். அணியில் ஆடிய ஆஸ்திரேலியர் ஸ்காட் ஃபார்டியைப் பத்திரமாக அழைத்துப்போக ஆஸ்திரேலியத் தூதரகம் முன்வந்தும் அவர் கிளம்பவில்லை; சக வீரர்களோடு நின்றார். பின்னாளில் 2015 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவுக்காக ஆடியவர் அவர்.

கமாய்ஷியிலிருந்து கடலோர ரயிலில் உனொசுமாய்க்குப் போனேன். சுனாமி அன்று இங்கே நடுநிலைப்பள்ளி மாணவர்கள் தொடக்கப்பள்ளிச் சிறுவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். அந்த இரண்டு பள்ளிகளும் இருந்த இடத்தில் இப்போது ரக்பி அரங்கம். இருக்கைகளில் பல மரத்தாலானவை. 2017 காட்டுத்தீயில் வெந்த மலையின் மரங்கள் அவை. விரலால் தடவினால் மரத்தின் ரேகைகள் தட்டுப்படுகின்றன. 2019 உலகக் கோப்பையில் உருகுவே இங்கேதான் ஃபிஜியை 30-27 என்று வீழ்த்தியது. இங்கே கனடா ஆடவிருந்த அடுத்த ஆட்டம் புயலால் ரத்தானபோது, அந்த அணி வீரர்கள் தெருவில் இறங்கிச் சேற்றை வாரினார்கள்.

சீவேவ்ஸ் பெயருக்கு முன்னால் இன்று ஆலைக் கம்பெனியின் பெயரான ‘நிப்பான் ஸ்டீல்’ மீண்டும் வந்து சேர்ந்திருக்கிறது. உலை அணைந்தாலும் ஆலையில் இன்றும் எஃகுக் கம்பி உருட்டுகிறார்கள்.

ஹிராவோ பிறகு கோபே ஸ்டீல் அணியில் சேர்ந்தார். கமாய்ஷியின் ஏழு பட்டச் சாதனையை அந்த எஃகு அணி சமன் செய்தது 1995 ஜனவரி 15. இரண்டே நாளில் கோபேயைப் பூகம்பம் புரட்டிப்போட்டது. அடுத்த இதழில் அந்த ஊருக்குப் போவோம்.

(பயணம் தொடரும்)