விட்டுக் கொடாத ஆட்டம்

டென்னிஸ் ஆட்டத்திற்கும் நம் சங்கத்திற்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் கேட்கக் கூடும். 2024-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி மாலை நம் வாசகசாலையில் இருந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். அன்று ஆட்டம் நடந்தது லண்டன் மாநகரத்துப் புல்தரையில். அடி விழுந்தது இங்கே, மழை ஒழுகும் நம் கூரையின் கீழ். அதைப் பற்றி நாம் யாரும் இதுவரை வாய்விட்டுப் பேசியதில்லை. பேசிவிடுவதே நல்லது என்று தோன்றுவதால் இதை எழுதத் துணிந்தோம்.

நம் காலனியில் டென்னிஸ் அபிமானம் ஏற்பட்ட வரலாறு சிறியது. ரயில்வே இன்ஸ்டிட்யூட்டின் பின்புறம் ஒரு காலத்தில் டென்னிஸ் தளம் ஒன்று இருந்தது. இப்போது அங்கே சைக்கிள்கள் நிற்கின்றன. அந்தத் தளத்தில் பந்து பொறுக்கிப் போட்டு வளர்ந்தவர் நம் பெரியவர். ராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்ற கதையைத் தம் தகப்பனார் சொல்லக் கேட்டுக் கேட்டே அவருக்கு இந்த ஆட்டத்தில் பித்துப் பிடித்தது. தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்திரண்டு ஆண்டுகளாக நம் சங்கத்தின் காரியதரிசி. பொங்கல் விழாவுக்குக் கரும்பு தருவிப்பது முதல், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வராத பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டுவது வரை எல்லாம் அவர் பொறுப்பு. பெரிய ஆட்டங்களை வாசகசாலையில் எல்லோரும் கூடிப் பார்க்கும் வழக்கத்தை உண்டாக்கியவரும் அவரே.

அந்த நாட்களில் நம்மிடையே இரண்டு கட்சிகள் இருந்தன. ஒன்று ஜோகோவிச் கட்சி. மற்றொன்று அல்கராஸ் கட்சி. செர்பியா தேசத்து நோவாக் ஜோகோவிச் 1987-ஆம் ஆண்டு மே மாதம் பிறந்தவர். ஸ்பெயின் தேசத்துக் கார்லோஸ் அல்கராஸ் 2003-ஆம் ஆண்டு மே மாதம் பிறந்தவர். இருவருக்கும் பதினாறு வயது வித்தியாசம். முதியவர் 2023-ஆம் ஆண்டு முடிவதற்குள் இருபத்து நான்கு கிராண்ட் ஸ்லாம் பட்டங்களைச் சேர்த்துவிட்டார். இளையவரோ 2022-இல், தமது பத்தொன்பதாம் வயதில், அமெரிக்கப் பட்டத்தை வென்று உலகின் முதலிடத்தில் அமர்ந்தார். ஆடவரில் அவ்வளவு சிறு வயதில் அந்த இடத்தை அடைந்தவர் வேறு யாரும் இல்லை.

பெரியவர் ஜோகோவிச் கட்சிக்குத் தலைவர். சிக்னல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி ஒருவர் அல்கராஸ் கட்சிக்குத் தலைவர். நம் நிலைதான் தர்மசங்கடமானது. நாமும் அதே 1987-இல் பிறந்தவர்கள். அலுவலகத்தில் இன்னும் நம்மைச் சின்னப் பையன் என்கிறார்கள். ஓய்வு பெற இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன. ஆட்டக்களத்திலோ நம் வயதுக்காரர் கிழவர்! ஆகையால் நாம் இரண்டு கட்சியிலும் இருந்தோம். எந்தக் கட்சியிலும் இல்லாமலும் இருந்தோம்.

வாதங்கள் சுவையானவை. 2023 ஜூன் மாதம் பிரெஞ்சுப் போட்டியின் அரையிறுதியில் இருவரும் மோதினார்கள். முதல் இரண்டு செட்டுகள் ஆளுக்கு ஒன்று. மூன்றாவது செட்டின் தொடக்கத்திலேயே இளையவருக்குத் தசைப்பிடிப்பு வந்துவிட்டது; 6-1, 6-1 என்று ஆட்டம் முடிந்தது. மனப் பதற்றமே காரணம் என்று அல்கராஸ் தாமே ஒப்புக் கொண்டார். "பார்த்தாயா தம்பி! பெரியவர்கள் எதிரே நின்றாலே சிறியவர்களுக்குக் கால் பின்னும்" என்றார் நம் பெரியவர். தம்பி சிரித்துக்கொண்டே, "இன்னும் ஒரு மாதம் பொறுங்கள், மாமா" என்றார்.

ஒரு மாதத்திற்குச் சற்று மேலாயிற்று. ஜூலை 16-ஆம் தேதி விம்பிள்டன் இறுதி ஆட்டம். முதல் செட்டை ஜோகோவிச் 6-1 என்று அள்ளிக்கொண்டு போனார். இரண்டாவதை இளையவர் டை பிரேக்கரில் பிடித்தார். மூன்றாவது செட்டில் ஒரே ஒரு கேம் இருபத்தாறு நிமிஷம் நடந்தது. பதின்மூன்று முறை டியூஸ் ஆயிற்று. நம் வாசகசாலையில் காபி ஆறிப்போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. நான்கு மணி நாற்பத்திரண்டு நிமிஷங்களுக்குப் பின், ஐந்தாவது செட்டில் 6-4 என்று அல்கராஸ் வென்றார். 2013 இறுதி ஆட்டத்திற்குப் பிறகு அந்த மைய அரங்கில் ஜோகோவிச் தோற்றது அதுவே முதல் தடவை. அன்று பெரியவர் தாமே எழுந்து சென்று தம்பியின் கையைக் குலுக்கினார். அந்த ஆண்டு வாதம் இவ்வாறு இன்பமாகவே நடந்தது.

2024-இல் அது புளித்துப் போயிற்று. காரணம் டென்னிஸ் அன்று. சங்கக் கணக்குகள் இன்னும் நீளநோட்டில் இருக்கின்றனவே, கூட்ட அறிவிப்பு இன்னும் கார்பன் காகிதத்தில் வருகிறதே என்று சிலர் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆகஸ்டு மாதப் பொதுக்கூட்டத்தில் காரியதரிசி மாற வேண்டும் என்ற பேச்சு தேநீர்க் கடையில் அடிபட்டது. பெரியவரிடம் நேரில் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. முணுமுணுத்தவர்களில் நாமும் உண்டு என்பதை இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

ஜூலை 14-ஆம் தேதி மறுபடியும் அதே இருவர் விம்பிள்டன் இறுதியில் நின்றார்கள். ஜோகோவிச் ஜூன் முதல் வாரத்தில்தான் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். காலில் உறை மாட்டிக்கொண்டு ஆடினார். 6-2, 6-2 என்று இரண்டு செட்டுகள் போயின. மூன்றாவது செட்டில் அல்கராஸ் 5-4 என்று முன்னிலை பெற்று, தம் சர்வீஸில் 40-0 என்று வெற்றியின் வாசலில் நின்றார். அந்த மூன்று புள்ளிகளையும் முதியவர் தடுத்து, கேமையே பறித்துக்கொண்டார். பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்து குழந்தையைப் போலக் கை தட்டினார்.

அப்போதுதான் தம்பி அந்தச் சொல்லைச் சொன்னார். "எதற்கு மாமா இந்தத் தொல்லை? காலம் முடிந்தவர்கள் கௌரவமாக விலகிக்கொள்ள வேண்டியதுதானே? 2019-இல் இதே ஜூலை 14-ஆம் தேதி பெடரருக்கும் முப்பத்தேழு வயதுதான். இதே ஜோகோவிச் அவரைத் தோற்கடித்தபோது கலை தெரியாத முரடன் என்று வைதீர்கள். இன்று அவருக்கு அதே முப்பத்தேழு வயது ஆனதும் அவர் கட்சியில் சேர்ந்துவிட்டீர்கள். ஆட்டத்தைப் பார்த்தா கட்சி சேருகிறீர்கள்? வயதைப் பார்த்தல்லவா சேருகிறீர்கள்!"

தம்பி சொன்ன விவரம் முழுவதும் உண்மை. 2019 இறுதி ஆட்டத்தில் பெடரர் வெற்றிக்கான இரண்டு புள்ளிகளைத் தம் சர்வீஸில் வைத்திருந்தும், நான்கு மணி ஐம்பத்தேழு நிமிஷ ஆட்டத்தைக் கடைசியில் இழந்தார். அன்று பெரியவர் இரவு உணவு கொள்ளவில்லை. ஆனால் உண்மை என்பதனாலேயே ஒரு சொல் ஆறுதலாகிவிடாது. சபையில் ஒரு நொடி மௌனம். யாராவது ஒருவர், "ஆட்டத்தைப் பாருங்களப்பா" என்று சொல்லியிருந்தால் போதும்; அது பேச்சோடு போயிருக்கும். நாம் யாரும் சொல்லவில்லை. நம் மனத்தில் இருந்ததைத் தம்பி சொல்லிவிட்டார் என்ற கோழைத்தனமான நிம்மதி நமக்கு. பெரியவர் குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார். டை பிரேக்கரில் அல்கராஸ் வென்றதை அவர் பார்க்கவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் சங்கத்துச் சாவிக்கொத்தையும் கணக்கு நோட்டையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். கடிதம் எதுவும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஐந்து பிள்ளைகள்தாம் வந்தார்கள். கதவைத் தட்ட ஆள் இல்லை.

மூன்று வாரங்கள் இப்படிச் சென்றன. ஆகஸ்டு 4-ஆம் தேதி பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கத்திற்காக அதே இருவர் மீண்டும் சந்தித்தார்கள். அன்று பிற்பகல் தம்பி நம் வீட்டுக்கு வந்து, "வாசகசாலையில் உட்கார மனம் வரவில்லை. பெரியவர் வீட்டுக்குப் போகலாம், துணைக்கு வாருங்கள்" என்றார். போனோம். பெரியவர் தனியாகத் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லவில்லை. காலால் ஒரு பாயை எங்கள் பக்கம் தள்ளினார். அம்மையார் காபி கொடுத்தார். மன்னிப்புக் கேட்பதற்காகத் தம்பி வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வாக்கியம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அந்த ஆட்டத்தைப் போன்ற ஒன்றை நாம் அதற்குமுன் கண்டதில்லை. இரண்டே செட்டுகள், இரண்டு மணி ஐம்பது நிமிஷம். இருவரில் எவரும் ஒரு முறையேனும் தம் சர்வீஸை இழக்கவில்லை. இரண்டு செட்டும் டை பிரேக்கருக்குப் போயின. இரண்டிலும் ஜோகோவிச் வென்றார். 2008-இல் பெய்ஜிங்கில் வெண்கலம் பெற்ற பிறகு மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் வெறுங்கையுடன் திரும்பியவர் அவர். 1988-இல் ஒலிம்பிக்கில் டென்னிஸ் மீண்டும் சேர்க்கப்பட்ட பிறகு ஒற்றையர் தங்கம் வென்ற ஆடவரில் அவரே வயதில் மூத்தவர். மண்ணில் மண்டியிட்டார், கைகள் நடுங்கின, பின்பு மனைவி மக்களிடம் சென்று விம்மி அழுதார். சற்று நேரத்தில் அல்கராஸும் அழுதார். இருபத்தொரு வயதுப் பிள்ளை. மூன்று வாரத்துக்கு முன்புதான் விம்பிள்டனைக் கையில் ஏந்தியவர். அவருக்கு இந்தத் தோல்வி ஒரு பொருட்டா? பொருட்டாகத்தான் இருந்தது.

பெரியவர் அப்போதுதான் வாய் திறந்தார். "தம்பி, அந்தப் பையன் ஒரு பந்தைக்கூட விட்டுக் கொடுக்கவில்லை, கவனித்தாயா? வயதானவராயிற்றே என்று ஒரு பந்தை விட்டிருந்தாலும் அவர் கழுத்தில் தொங்குவது பித்தளை."

தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "அன்றைக்கு நான் சொன்னது தவறு, மாமா" என்றார்.

"முழுவதும் தவறு அன்று" என்றார் பெரியவர். "பெடரர் விஷயத்தில் நீ சொன்னது சரி. விலகச் சொன்னதுதான் சரியில்லை. வேண்டுமானால் என்னைத் தோற்கடி. விலகு என்று மட்டும் சொல்லாதே. பொதுக்கூட்டத்தில் நீ நில், நானும் நிற்கிறேன்."

நம் சங்கத்தில் காரியதரிசி பதவிக்குத் தேர்தல் நடந்ததே இல்லை. நடத்தினால் சண்டை வரும், வேற்றூரில் நாலு தமிழ்க் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்துவிடும் என்ற அச்சம் நமக்கு எப்போதும் உண்டு. அந்த அச்சத்துக்கு மரியாதை என்று பெயர் சூட்டி வைத்திருந்தோம். நேரில் நின்று எதிர்க்காமல், முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பதா மரியாதை? 1974-இல் விம்பிள்டன் இறுதியில் முப்பத்தொன்பது வயது ரோஸ்வாலை இருபத்தொரு வயது கானர்ஸ் 6-1, 6-1, 6-4 என்று முறியடித்தார். அதனால் ரோஸ்வாலின் பெருமை குறைந்ததாக எவரும் எழுதவில்லை. அந்த வயதில் அந்த இறுதி வரை நடந்து வந்தாரே, அதுவே அவர் பெருமை. தோற்பதில் அவமானம் இல்லை. ஆட அழைக்காமல் ஒதுக்கி வைப்பதே அவமானம். இதை உணர நமக்கு இரண்டு அந்நிய தேசத்து ஆட்டக்காரர்கள் தேவைப்பட்டார்கள்.

ஆகஸ்டு இறுதியில் தேர்தல் நடந்தது. தம்பிக்கு 41 வாக்குகள், பெரியவருக்கு 32. பெரியவர் மறுமுறை எண்ணச் சொன்னார். எண்ணினோம், அதே ஒன்பதுதான் வித்தியாசம். "சரி" என்று சொல்லி, தம்பியை அழைத்துத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டு எண்களை வரிசையாகச் சொல்லி எழுதிக்கொள்ளச் செய்தார். இன்று கணக்குகள் கணினியில் இருக்கின்றன. கதவு தட்டும் வேலையைத் தம்பியும் பெரியவரும் பகிர்ந்து கொண்டிருக்கிறார்கள்.

2025 ஜனவரியில் மெல்போர்ன் காலிறுதியில், இடையில் காலில் அடிபட்டும், ஜோகோவிச் நான்கு செட்டுகளில் அல்கராஸை வென்றார். அடுத்த ஆட்டத்தில் முதல் செட்டோடு அவர் விலக நேர்ந்தபோது அரங்கில் சிலர் கூச்சலிட்டு ஏளனம் செய்தார்கள். அதைப் பார்த்து நம் வாசகசாலையில் முதலில் கோபப்பட்டவர் அல்கராஸ் கட்சித் தலைவராகிய நம் தம்பி.

அதே ஆண்டு ஆகஸ்டுப் பொதுக்கூட்டத்தில் பெரியவர் மறுபடியும் நின்றார், மறுபடியும் தோற்றார். செப்டம்பர் 5-ஆம் தேதி நியூயார்க்கில் இருவரும் அரையிறுதியில் மோதியபோது இங்கே நள்ளிரவு கடந்துவிட்டது. புதிய காரியதரிசி அதற்காகவே வாசகசாலையைத் திறந்து வைத்திருந்தார். முதலில் வந்து உட்கார்ந்தவர் பெரியவர். அல்கராஸ் மூன்று நேர் செட்டுகளில் வென்றார். அதுவரை நடந்த ஒன்பது ஆட்டங்களில் முதியவருக்கு ஐந்து, இளையவருக்கு நான்கு என்று கணக்கு ஆயிற்று.

"வித்தியாசம் ஒன்றுதான் மாமா" என்றார் தம்பி, கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

"நம் சங்கத்திலும் ஒன்பது நான்காகிவிட்டது, தம்பி, ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லி, பெரியவர் செருப்பைத் தேடினார்.