நெஞ்சைப் பிளக்காமல் பைபாஸ்?

பெரியப்பாவுக்கு பைபாஸ் என்று டாக்டர் சொன்ன அன்றே, கே.கே. நகரில் எங்கள் தெரு முழுக்க இதய நிபுணர்கள் முளைத்துவிட்டார்கள். "இப்பல்லாம் நெஞ்சைப் பிளக்க வேணாமாம், சின்னத் துளை போட்டே முடிச்சிடுறாங்களாம்." பெரியப்பாவும் அதையே பிடித்துக்கொண்டார். துளை என்றால் வருவாராம், இல்லாவிட்டால் மாத்திரையே போதுமாம். ஒரு வாரம் தள்ளியும் போட்டார். அதனால்தான் நான் உட்கார்ந்து படிக்க வேண்டியதாயிற்று. (நான் சிவில் மாணவன், கவனம் மக்களே!)

வழக்கமான பைபாஸில் நடு மார்பெலும்பை நெடுக அறுப்பார்கள். அது கூடவே 6 முதல் 12 வாரம் ஆகும். சின்ன வெட்டு முறையில் எலும்பைத் தொடுவதில்லை. இடது விலா எலும்புகளுக்கு நடுவே சில சென்டிமீட்டர் திறந்து, மார்புச் சுவரின் உட்புறம் ஓடும் தமனியைப் பிரித்து, துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தின் முன்பக்கக் குழாயில் தைக்கிறார்கள். தைக்கிற இடம் மட்டும் ஆடாமல் இருக்க ஒரு கருவி.

புதுசு என்று நினைத்தால், இல்லை! 1964-லேயே லெனின்கிராடில் கோலெசோவ் இடப்பக்கம் திறந்து, இயந்திரம் இல்லாமல் இதைச் செய்திருக்கிறார். 1967-ல் அமெரிக்காவில் ஃபவலோரோ கால் நரம்பை வைத்து பைபாஸ் செய்த பிறகு, நடு மார்பைத் திறப்பதே ராஜபாட்டை ஆகிவிட்டது. இந்தியாவின் முதல் பைபாஸ் 1975-ல், பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில், கே.எம். செரியன் செய்தது. 1990-களின் நடுவில் சின்ன வெட்டை மீண்டும் கொண்டுவந்தவர்களில் ஒருவர், நியூயார்க் லெனாக்ஸ் ஹில் மருத்துவமனையின் வளவனூர் சுப்பிரமணியன். விழுப்புரத்திலிருந்து பாண்டி போகும் வழியில் வருமே, அந்த ஊர்ப் பேர்தான்!

ஆனால் பெரியப்பாவுக்கு அடைப்பு மூன்று குழாய்களில், ஒன்று இதயத்தின் பின்பக்கம். சின்ன வெட்டு வழியாகவும் அங்கே போகலாம். அதற்கென்றே பழகிய கை வேண்டும். டாக்டர் மழுப்பவில்லை. "வெட்டு எவ்வளவு சின்னதுன்னு நீங்க பாக்குறீங்க. உள்ள போடுற தையல் எத்தனை வருஷம் நிக்கும்னு நான் பாக்கணும்." பெரியப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "இதயத்தை நிறுத்துவீங்களா?" நிறுத்தாமலே நடு மார்பைத் திறந்தும் செய்யலாம், இரண்டும் வேறு வேறு விஷயம் என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இப்போது ஏழாவது வாரம். பஸ் ஸ்டாண்டு வரை நடக்கிறார், வண்டியைத் தொட விடவில்லை. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் வீட்டில் தினசரிச் சண்டை.