உப்புக் காற்றில் ஒரு மடிக்கணினி

கடந்த இரண்டு மாதங்களில் இளம் ஆய்வாளர்கள் ஐந்து பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டனர்: "கேமிங் லேப்டாப் வாங்க வேண்டும், எந்த மாடல் நல்லது?" தனித்தனியே சொன்ன பதில்களை இங்கே ஒருசேர எழுதிவைக்கிறேன். பதிவு சற்று நீளும். என் பதிலின் பெரும்பகுதி நான் செய்த ஒரு தவறிலிருந்து பிறந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

பவளப்பாறைகளை ஆராய்பவளுக்கு விளையாட்டுக் கணினி எதற்கு என்பது நியாயமான ஐயமே. என் வேலை இதுதான்: பாறைப்பகுதி ஒன்றில் ஒரு கட்டத்தை அளந்து, அதன்மேல் நீந்தியபடி ஒன்றன்மேல் ஒன்று படியும் ஏறத்தாழ 2,000 ஒளிப்படங்களை எடுக்கிறோம். மெட்டாஷேப் போன்ற மென்பொருள் அவற்றை இணைத்து அந்தப் பாறையின் முப்பரிமாண வடிவத்தை மீட்டெடுக்கிறது. இந்தக் கணக்கீட்டின் சுமையைப் பெரிதும் சுமப்பது வரைகலைச் செயலி. 2007இல் என்விடியா நிறுவனம் கூடா என்னும் தளத்தை வெளியிட்ட பிறகு, விளையாட்டுக்கென உருவான செயலிகள் ஆய்வகங்களுக்குள் வந்துவிட்டன. 2012இல் படங்களை இனங்காண்பதில் திருப்புமுனையாக அமைந்த அலெக்ஸ்நெட் வலையமைப்புகூட ஜிடிஎக்ஸ் 580 என்னும் இரண்டு விளையாட்டு அட்டைகளில்தான் பயிற்றுவிக்கப்பட்டது. ஒத்த திறனுள்ள செயலியை 'ஒர்க்ஸ்டேஷன்' என்ற பெயரில் வாங்கினால் விலை பெரிதும் ஏறிவிடும். பல்கலைக்கழக மானியக்குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அறிவியல் துறைகளில் சில்லறைச் செலவுக்கான தொகை முதல் இரண்டாண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். இந்த எண்களே நம்மை விளையாட்டுக் கணினிகளின் பக்கம் தள்ளுகின்றன.

கணக்கீட்டை ஏன் ஊர் திரும்பிச் செய்யக்கூடாது, ஏன் மேகக் கணிமைக்கு அனுப்பக்கூடாது என்று கேட்கலாம். சென்னையிலிருந்து ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட பின் அந்தமானின் இணையநிலை வெகுவாக மாறியிருப்பது உண்மை. ஆயினும் 2,000 படங்கள் என்றால் சுமார் 30 ஜிபி. நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் அனுப்பினாலும் ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஆகும். எங்களுக்கோ விடை அன்றிரவே தேவை. படங்களுக்கிடையே எங்கேனும் இடைவெளி விழுந்திருந்தால் மறுநாள் காலை மீண்டும் மூழ்கி எடுத்துவிடலாம். படகு திரும்பிவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

இனி என் தவறு. ஆய்வில் சேர்ந்த ஆண்டு மெலிந்த, அழகிய ஒரு மாடலை வாங்கினேன். விமர்சனங்களில் அதன் வேகத்தை அளந்த எண்கள் சிறப்பாக இருந்தன. அவை குளிரூட்டப்பட்ட அறையில் அளக்கப்பட்டவை என்பதை நான் எண்ணிப்பார்க்கவில்லை. 2024 மார்ச்சில் சிறு தீவு ஒன்றில் தங்கிப் படம் எடுத்தோம். மின்விசிறி மட்டுமே உள்ள அறை. இரவு எட்டு மணிக்குத் தொடங்கிய கணக்கீடு நள்ளிரவுக்குள் முடிந்திருக்க வேண்டும். வெப்பம் ஏற ஏறக் கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. இடையில் மின்சாரம் போனது. மின்கலத்தில் இயங்கும்போது வரைகலைச் செயலி முழுத்திறனைத் தராது. விடியற்காலையில் 16 ஜிபி நினைவகம் நிரம்பி மென்பொருள் நின்றது. நினைவகம் தாய்ப்பலகையில் பற்றவைக்கப்பட்டிருந்ததால் கூட்டவும் வழியில்லை. சோதிக்காமலேயே படகேறினோம்.

ஒரு வாரம் கழித்து போர்ட் பிளேரில், இப்போதைய ஸ்ரீ விஜயபுரத்தில், கணக்கீடு முடிந்தபோது ஒரு கட்டத்தில் ஐந்திலொரு பகுதி இல்லாததைக் கண்டேன். அதற்குள் அனுமதிக்காலம் முடிந்துவிட்டது. அடுத்த மாதமே உலகளாவிய நான்காவது பவள வெளிறல் நிகழ்வு அறிவிக்கப்பட்டது. 2010இலும் 2016இலும் வெளிறலைக் கண்ட கடல் இது. வெப்பம் ஏறுவதற்கு முன் அந்தப் பாறை எப்படி இருந்தது என்பதற்கான என் பதிவு இன்றும் ஓட்டையுடன்தான் ஆய்வேட்டில் நிற்கிறது. அதை எந்தப் பணத்தாலும் மீண்டும் எடுக்க முடியாது.

அந்தக் கணினி பிறகு தானாகவே அணையத் தொடங்கியது. அபர்தீன் பஜாரில் பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "உள்ளே கடல் இருக்கும்மா" என்றார். பலகையில் பச்சைப் படிவம் பூத்திருந்தது. சமையல் உப்பு ஏறக்குறைய 75 விழுக்காட்டு ஒப்பு ஈரப்பதத்தில் காற்றிலுள்ள நீரை ஈர்த்துத் தானே கரையும். இங்கே காற்றின் ஈரப்பதம் அடிக்கடி அதைத் தாண்டிவிடும். மின்விசிறி உள்ளிழுத்த நுண்ணிய உப்புத் துகள் அப்படியே மின்கடத்தும் படலமாக மாறிவிடுகிறது. போதாததற்கு மின்கலமும் உப்பியிருந்தது. தனியாக அனுப்பப்படும் லித்தியம்-அயனி மின்கலத்தைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் 1 முதல் பன்னாட்டுத் தடை உள்ளது. ஆகவே அது கப்பலில் வர வேண்டும். இல்லையேல் ஊரிலிருந்து வருபவர் யாரேனும் கைப்பையில் கொண்டுவர வேண்டும். நான் கப்பலுக்காகக் காத்திருந்தேன்.

இரண்டாம் முறை தேர்ந்தெடுக்கும்போது இரண்டு மாடல்கள் எஞ்சின: ஏசுஸ் ஜெஃபைரஸ் ஜி14இன் 2024ஆம் ஆண்டு வடிவம், லெனோவோ லீஜியன் ப்ரோ 5இன் எட்டாம் தலைமுறை. இரண்டிலும் இருந்தது 8 ஜிபி நினைவகம் கொண்ட அதே ஆர்டிஎக்ஸ் 4060 செயலி. பெயர் ஒன்றாயினும் முதலாவதில் அதற்கு 90 வாட் வரையும், இரண்டாவதில் 140 வாட் வரையும் கிடைக்கும். மடிக்கணினிச் செயலிகளைப் பொறுத்தவரை பெயரைவிட வாட் எண்ணே முக்கியம் என்பதை வாங்குவோர் பலர் கவனிப்பதில்லை. அதற்காக வாட் ஒன்றரை மடங்கு என்றால் வேகமும் ஒன்றரை மடங்கு என்று எண்ணிவிடக்கூடாது; மேலே செல்லச் செல்லக் கூடுதல் பயன் குறைந்துகொண்டே போகும்.

அழகைப் பொறுத்தவரை போட்டியே இல்லை. ஜி14 அலுமினியத்தைக் கடைந்தெடுத்த உடல், 1.5 கிலோ எடை. அதன் ஓஎல்இடி திரையில் என் பவளப் படங்களைக் கண்டபோது, நீருக்கடியில் நான் கண்ட நிறங்கள் அப்படியே திரும்பி வந்ததுபோல் இருந்தது. லீஜியனோ 2.5 கிலோ. கூடவே செங்கல் போன்ற மின்மாற்றி. ஆனால் அதில் நினைவகத்தை மாற்ற இரண்டு இடங்கள், சேமிப்பகத்துக்கு இரண்டு இடங்கள். அடிமூடியைத் திறந்தால் மின்விசிறிகளை எளிதில் எட்டித் துடைக்கலாம். ஜி14இலோ வாங்கும்போதுள்ள நினைவகமே கடைசிவரை.

லீஜியனை வாங்கினேன். அதன் முழு 140 வாட்டையும் நான் பயன்படுத்துவதில்லை. 90 வாட் அளவிலேயே கட்டுப்படுத்தி ஓட்டுகிறேன். அப்படியானால் ஜி14ஏ போதுமே என்று ஒரு நண்பர் கேட்டார். பெரிய உடலுக்குள் 90 வாட் வெப்பம் சிரமமின்றி வெளியேறுகிறது; விசிறி மெதுவாகச் சுழல்வதால் உள்ளிழுக்கும் உப்பும் குறைகிறது. நான் விலை கொடுத்தது அந்த இடைவெளிக்குத்தான். நினைவகத்தை 64 ஜிபியாக உயர்த்தினேன். கடந்த பருவத்தில் எல்லாக் கட்டங்களையும் அந்தந்த இரவே சோதித்துவிட்டோம். இரண்டு முறை இடைவெளி தெரிந்தது. இரண்டு முறையும் மறுநாள் மூழ்கி நிரப்பினோம்.

இழப்பும் உண்டு. படகிலிருந்து கரைக்கு இடுப்பளவு நீரில் பையைத் தலைமேல் தூக்கி நடக்கும்போதெல்லாம் அந்த ஒரு கிலோவை நினைத்துக்கொள்கிறேன். நிறத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டிய படங்களுக்கு ஆய்வகத் திரையை நாட வேண்டியிருக்கிறது.

ஆகவே என்னிடம் மாடல் பெயர் கேட்பவர்களுக்கு நான் திருப்பிக் கேட்பவை இவை: செயலிக்கு எத்தனை வாட்? நினைவகத்தைப் பிற்பாடு கூட்ட இயலுமா? அடிமூடியை நீங்களே திறந்து துடைக்கலாமா? உங்கள் ஊரில் அதைத் திறக்கத் தெரிந்தவர் இருக்கிறாரா? மதுரையிலோ கோவையிலோ குளிரூட்டிய ஆய்வகத்தில் அமர்ந்து வேலை செய்பவர் தயங்காமல் ஜி14ஐ வாங்கலாம். அது நல்ல கணினி. தீவுகளுக்கோ கடலோரக் கிராமங்களுக்கோ களப்பணிக்குச் செல்பவர், அது திறந்த நிலையில் எப்படி இருக்கும் என்பதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்துச் செல்லும்போது பைக்குள்ளேயே அரைமணி நேரம் மூடி வையுங்கள். குளிர்ந்த உலோகத்தில் இந்த ஊர்க் காற்று உடனே வியர்த்துவிடும். இதை எனக்குச் சொன்னதும் அந்த அபர்தீன் பஜார் அண்ணன்தான்.