லண்டனில் பைப் புகையிலை தேடி...

டிஸ்கி: நான் புகைப்பதில்லை. பைப்பைப் பற்ற வைக்கக்கூட எனக்குத் தெரியாது. இதைப் படித்துவிட்டு யாராவது பைப்பைக் கையில் எடுத்தால் நான் பொறுப்பில்லை. ஏன் என்று பாதியில் சொல்கிறேன்.

புது ஊருக்குப் போனால் நல்ல சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடிக்க ஆளாளுக்கு ஒரு சூத்திரம் வைத்திருப்போம். லாரி நிற்கிறதா பார், ஆட்டோக்காரரைக் கேள், கூட்டம் இருக்கும் கடைக்குள் நுழை. பைப் புகையிலைக் கடைக்கு அப்படி எந்தச் சூத்திரமும் கிடையாது. கூட்டமே இருக்காது. பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பத்தாவது ஆள் சிகரெட் கடைக்கு வழி சொல்வார். ஆகவே நானே பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன். யாருக்காவது உதவும்.

2023 செப்டம்பரில் பத்து நாள் புள்ளியியல் வகுப்பு ஒன்றுக்காக லண்டன் போயிருந்தேன். விஷயம் தெரிந்ததும் திருச்சியிலிருந்து தாத்தா (அம்மாவின் அப்பா, ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர், வயது 83) போன் செய்தார்.

"டேய் கண்ணா, லண்டன் போறியாமே? டன்ஹில் 965. நாலு டப்பா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அடுத்த அரை மணியில் அம்மா. "தாத்தா ஏதாவது வாங்கிட்டு வரச் சொன்னாரா? வாங்கிட்டு வந்தியோ, உன்னையும் சேர்த்து வெளியில நிக்க வெச்சிடுவேன்."

தாத்தா ஒரு காலத்தில் நாளுக்கு நாலைந்து முறை பைப் பிடித்தவர். நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தபோது டாக்டர் அடியோடு நிறுத்தச் சொன்னார். தாத்தா பேரம் பேசி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் ஒன்றே ஒன்று என்று வந்து நின்றார். டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. அம்மாவும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா மாடிப்பக்கம் போகமாட்டாள். அப்படி ஒரு ஏற்பாடு.

சரி, தேடலுக்கு வருவோம்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். மேப்பில் 'டொபாக்கோ' என்று அடித்தேன். சிவப்புப் புள்ளியாய்க் கொட்டியது. முக்கால்வாசி வேப் கடை, மீதி பெட்டிக்கடை. நான் தங்கியிருந்தது டூட்டிங்கில். இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கும் பகுதி. தெருமுனைக் கடை அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். சிகரெட் எல்லாம் அவருக்குப் பின்னால் மூடிய ஷட்டருக்குள் இருந்தது. பிரிட்டனில் பெரிய கடைகளில் 2012இலும் சின்னக் கடைகளில் 2015இலும் புகையிலையைக் கண்ணில் படும்படி வைக்கக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது.

"தம்பி, பைப் புகையிலையோ? இஞ்ச ஆர் வாங்கினம்? முந்தி ரெண்டு கிழவனவை வந்து கேக்கிறவை. இப்ப அவையும் வாறேல்லை. நீங்கள் சிட்டிக்குள்ள போய்ப் பாருங்கோ" என்றார். அப்புறம் அவராகவே, தன் அப்பா யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டம் செய்தவர் என்று ஆரம்பித்துவிட்டார். யாழ்ப்பாணப் புகையிலை ஒரு காலத்தில் கடல் தாண்டித் திருவிதாங்கூர் வரைக்கும் போன சரக்கு. தோட்டக்கார வீட்டுப் பிள்ளை பூட்டிய ஷட்டருக்கு முன்னால் நின்று சிகரெட் விற்கிறார். கால் மணி நேரம் பேசினோம். புகையிலை கிடைக்கவில்லை, இலவசமாக ஒரு டீ கிடைத்தது.

அடுத்து, சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும் ஒரு தெருவில் ஒரு கடை. (பெயர் வேண்டாம்.) கண்ணாடிக்குள் விதவிதமாகப் பைப்கள், துப்பறியும் நிபுணர் தொப்பி எல்லாம் இருந்தன. உள்ளே போய் 965 என்றேன். "அதெல்லாம் இப்போது வருவதில்லை, இதுவும் அதே மாதிரிதான்" என்று ஒரு பையை நீட்டினார். வெனிலா வாசனை தூக்கியடித்தது. எனக்குப் பைப் தெரியாதே தவிர, தாத்தா வீட்டு வாசனை தெரியும். அது ஐஸ்கிரீம் வாசனை இல்லை. வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி உட்கார்ந்து கொஞ்சம் படித்தேன். இதில்தான் எனக்கு ஒரு நூல் கிடைத்தது. பிரிட்டிஷ் சட்டத்தில் 'ஸ்பெஷலிஸ்ட் டொபாக்கோனிஸ்ட்' என்று தனியாக ஒரு வகை இருக்கிறது. விற்பனையில் பாதிக்கு மேல் சுருட்டு, மூக்குப்பொடி, பைப் புகையிலை, அது சம்பந்தப்பட்ட சாமான்கள் என்று இருந்தால்தான் அந்தப் பெயர். இப்படிப்பட்ட கடைக்குள் சுருட்டையும் பைப் புகையிலையையும் ஷட்டர் போட்டு மறைக்க வேண்டியதில்லை, ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியக்கூடாது. இங்கிலாந்தில் 2007 ஜூலை 1 முதல் கட்டடங்களுக்குள் புகைக்கத் தடை. அதிலும் இந்தக் கடைகளில் சுருட்டு, பைப் புகையிலையை மட்டும் சாம்பிள் பார்க்க விலக்கு உண்டு. ஆக, தேட வேண்டிய சொல் 'டொபாக்கோ' இல்லை, 'டொபாக்கோனிஸ்ட்'. அதை அடித்ததும் புள்ளிகள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தன. அதிலும் பாதி ஒரே பேட்டையில்!

அந்தப் பேட்டை செயின்ட் ஜேம்ஸ். கிரீன் பார்க் ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரம்தான். பழைய கனவான்களின் கிளப்புகள் எல்லாம் இங்கேதான். கிளப் இருந்த இடத்தில் தையற்காரர், தொப்பிக் கடை, ஒயின் கடை, புகையிலைக் கடை எல்லாம் வந்து சேர்ந்திருக்கின்றன. நம் ஊரில் கோயிலைச் சுற்றிப் பூக்கடையும் பாத்திரக் கடையும் வருகிற மாதிரி.

செயின்ட் ஜேம்ஸ் தெரு 19ஆம் எண்ணில் ஜேம்ஸ் ஜே. ஃபாக்ஸ் கடை. இதன் வேர் 1787இல் தொடங்கிய ராபர்ட் லூயிஸ் நிறுவனம். டப்ளினில் இருந்து வந்த ஃபாக்ஸ் குடும்பம் 1992இல் அதை வாங்கியது. சர்ச்சில் 1900 முதல் இங்கே வாடிக்கையாளர். அவர் உட்கார்ந்த நாற்காலியை வைத்திருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் சின்ன மியூசியம். ஆஸ்கார் வைல்டு கூட இவர்களிடம் கணக்கு வைத்திருந்தவர்தான். ஒன்றும் வாங்காவிட்டாலும் பார்க்க வேண்டிய இடம்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் டியூக் தெரு. 1907இல் ஆல்பிரட் டன்ஹில் தன் புகையிலைக் கடையைத் திறந்தது இங்கேதான். அவர் செய்த புதுமை என்னவென்றால், வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் அவரவர் ருசிக்குத் தனிக் கலவை போட்டுக் கொடுப்பது. அந்தக் கலவையை ஒரு புத்தகத்தில் நம்பர் போட்டு எழுதி வைத்துக்கொள்வார்கள். அடுத்த முறை நம்பர் சொன்னால் போதும். புத்தகத்தின் பெயர் 'மை மிக்ஸ்சர்'. தாத்தா கேட்கும் 965 அந்தப் புத்தகத்தில் இருந்து வந்த நம்பர்! யாரோ ஒரு ஆளுக்குப் போட்ட கலவை டப்பாவில் அடைபட்டு, திருச்சி மொட்டை மாடி வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. (திருச்சியும் சும்மா இல்லை. 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, தரையில் கிடந்த சாம்பலை வைத்து அது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று ஹோம்ஸ் சொல்லிவிடுவார்.)

கடைசியில் புகையிலை வாங்கிய கடை இந்த இரண்டும் இல்லை. பக்கத்துத் தெருவில் சின்னதாக ஒன்று. பெயர் போட்டால் விளம்பரம் ஆகிவிடும், விட்டுவிடுகிறேன். ஆனால் அது நல்ல கடை என்று எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லியே ஆகவேண்டும்.

டன்ஹில் 965 இருக்கிறதா என்றதும் கடைக்காரப் பெரியவர் "அந்தப் பெயரில் இல்லை" என்றார். டன்ஹில் என்ற பெயரில் பைப் புகையிலை வருவது 2018ஓடு நின்றுபோனது. அதே கலவைகள் பீட்டர்சன் என்ற பெயரில் வருகின்றன, டப்பாவில் 965 என்ற நம்பர் அப்படியே இருக்கும் என்று விளக்கினார். சுற்றுலாத் தெருக்காரர் 'வருவதில்லை' என்றதோடு நிறுத்திக்கொண்டார். இவர், போனது எங்கே போனது என்று சொன்னார். எந்தக் கடைக்கும் இந்தப் பரீட்சையை வைக்கலாம்.

அடுத்து, "யாருக்கு?" என்று கேட்டார். தாத்தாவுக்கு என்றேன். "எத்தனை வருஷமாகப் பிடிக்கிறார்? இப்போது எவ்வளவு பிடிக்கிறார்?" டாக்டர் கேட்கிற மாதிரியே கேள்விகள். பின்னால் கண்ணாடி ஜாடிகள் வரிசையாக இருந்தன. ஒன்றைத் திறந்து முகரச் சொன்னார். லட்டாகியா. விறகடுப்புப் புகையும் சாம்பிராணியும் பழைய தோல் பெட்டியும் கலந்த மாதிரி ஒரு வாசனை. ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவுக்கே போய்விட்டேன். மரத்தை மூட்டி அந்தப் புகையிலேயே இலையைப் பதப்படுத்துவார்களாம். சிரியாவின் லட்டாகியா துறைமுகத்தால் வந்த பெயர், இப்போது வருவது சைப்ரஸில் இருந்து. 965இன் வாசனைக்கு இதுதான் ஆதாரம்.

"வாரத்துக்கு ஒன்றா? அப்படியானால் ஒரு டப்பா போதுமே. ஒரு முறைக்கு இரண்டரை கிராம் என்று வையுங்கள். சீல் உடைக்காத டப்பா வருஷக்கணக்கில் கெடாது, அவசரம் இல்லை" என்றார். விற்கிறவரே குறைத்து வாங்கச் சொன்னது எனக்கு ஆச்சரியம்.

ஆனால் அவர் சொன்ன கணக்கு என்னைப் பிடித்துக்கொண்டது. டப்பா 50 கிராம். ஒரு டப்பாவுக்கு 20 ஞாயிற்றுக்கிழமை. தாத்தா கேட்ட நாலு டப்பாவுக்கு 80 ஞாயிற்றுக்கிழமை, ஒன்றரை வருஷம். தாத்தா இந்தக் கணக்கைப் போட்டுத்தான் நாலு என்றாரா?

இன்னொன்றும் உறுத்தியது. வகுப்புக்குப் போகிற வழியில் தினமும் கெப்பல் தெருவைத் தாண்டிப் போவேன். அங்கே இருக்கும் பொதுச் சுகாதாரக் கல்லூரியில்தான் பிராட்ஃபோர்ட் ஹில் புள்ளியியல் பேராசிரியராக இருந்தார். அவரும் ரிச்சர்ட் டாலும் 1950இல் வெளியிட்ட ஆய்வு எங்கள் பாடத்திலேயே வரும். நுரையீரல் புற்றுநோய் வந்த 649 ஆண்களில் புகைக்காதவர்கள் வெறும் 2 பேர். அடுத்து டாக்டர்களையே வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பைப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் புகையை உள்ளே இழுப்பதில்லை என்பதால் நுரையீரல் ஆபத்து சிகரெட்டைவிடக் குறைவு. குறைவுதான், இல்லாமல் இல்லை. வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு அந்தச் சலுகையும் கிடையாது. 965 பிறந்த இடத்துக்கும் இந்தக் கணக்கு பிறந்த இடத்துக்கும் நடந்தால் அரை மணி நேரம். நான் காலையில் அங்கே படித்துவிட்டு மாலையில் இங்கே வாங்க நிற்கிறேன்.

வாங்காமல் வந்திருக்கலாம்தான். அறுபது வருஷம் பிடித்தவருக்கு நான் டப்பா கொண்டுபோகாவிட்டால் உள்ளூரில் ஏதாவது மட்டமான சரக்கு கிடைக்கும், அதைப் பிடிப்பார். இதுவும் எனக்குத் தெரியும். இரண்டு டப்பா வாங்கினேன். 2016ஆம் ஆண்டு பேகேஜ் விதிகளின்படி வரியில்லாமல் கொண்டுவர முடிந்தது 125 கிராம் புகையிலைதான், எனவே இரண்டுக்கு மேல் வாங்க முடியாது என்று தாத்தாவிடம் சொல்லிக்கொள்ளலாம். சொன்னது உண்மை. அது மட்டுமே காரணம் இல்லை.

தாத்தா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பீட்டர்சன்னு போட்டிருக்கு? இவன் யாருடா?" என்றார். திறந்து முகர்ந்தார். "ம்ம்... அவனேதான்" என்றார். அம்மா சமையலறையிலிருந்து வந்து ஒன்றும் பேசாமல் இரண்டாவது டப்பாவை எடுத்துக்கொண்டு போய்த் தன் பீரோவில் வைத்துப் பூட்டினாள். தாத்தாவும் கேட்கவில்லை. முதல் டப்பா 20 ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மேலேயே வந்தது. இரண்டாவதை அம்மா 2024 தீபாவளி அன்று காலையில்தான் எடுத்துக் கொடுத்தாள்.

ஆகவே, யாருக்காவது வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பேட்டையைப் பார்த்துப் போங்கள், ஜன்னலைப் பார்த்து மயங்காதீர்கள். பழைய பெயர் ஒன்றைச் சொல்லி, அது இப்போது என்ன ஆனது என்று கேளுங்கள். ஜாடியைத் திறந்து முகரக் கொடுக்கிறாரா பாருங்கள். யாருக்கு, எவ்வளவு என்று அவர் கேட்டால் அது நல்ல கடை. அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் அந்தக் கணக்கைப் போட்டுவிட்டு வாங்குங்கள்.