மூச்சுக் கணக்கு

முள்ளக்காட்டைத் தாண்டி, திருச்செந்தூர் ரோட்டை ஒட்டிய உப்பளத்து ஊர். இசக்கியம்மன் கோவில் கொடை. பந்தலுக்குள் இடமிருந்தும் அந்தப் பெரியவர் உள்ளே போகவில்லை. சுக்குக்காப்பிக் கடையில் ஒரு ஸ்டூலை வாங்கி, வலது காது ஒலிபெருக்கியைப் பார்க்கிற மாதிரி போட்டு உட்கார்ந்தார். இடது காது கேட்காது போலிருக்கிறது. அந்தப் பக்கம் யார் பேசினாலும் உடம்போடு திரும்புகிறார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் மாதா சுரூபம். திரேஸ்புரத்துக்காரர், இளவயதில் சங்கு குளித்தவர் என்பதெல்லாம் கடைக்காரர் பேச்சில் விழுந்தது.

மேடையில் வில் தயார். குடத்தோடு சேர்த்துக் கட்டிய வில்லில் மணிகள் வரிசையாகத் தொங்குகின்றன. நடுவில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இருபத்தைந்துக்கு மேல் இராது. சிவப்புப் பட்டு, நெற்றி நிறையக் குங்குமம், இரண்டு கையிலும் வீசுகோல். குடம், உடுக்கை, தாளம் எல்லாம் ஆண்கள். அவளுக்கு அப்பா வயது. காப்புப் பாடி, குருவை வணங்கி, கதைக்குள் இறங்குகிறாள்.

நீலி பழையனூருக்கு வந்து சேரும் இடம். போன பிறவியில் கட்டினவன் கையால் செத்தவள், கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் ‘இவர் என் புருசன்’ என்று சாதிக்க வேண்டும். பாடுகிறவளுக்குச் சோதனையான இடம் இது. அழவும் வேண்டும், அழுகைக்குள் பழி ஒளிந்திருப்பது பந்தலுக்குத் தெரியவும் வேண்டும். ஆண் புலவர்கள் இந்த இடத்தில் குரலை இழுத்து, கொஞ்சம் நடித்துத் தாண்டிவிடுவார்கள். இவள் குரலை ஏற்றவே இல்லை. பக்கத்து வீட்டில் நியாயம் கேட்கிற தொனியில் அடுக்கிக்கொண்டே போகிறாள்.

பெரியவர் கண்ணை மூடியிருக்கிறார். வலது கைக் கட்டைவிரல் மட்டும் மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக ஏறுகிறது. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். சட்டென்று நின்று மறுபடி முதலிலிருந்து. எதை எண்ணுகிறார் என்று பிடிபடக் கொஞ்ச நேரமாயிற்று.

“எங்க மூச்செடுத்துச்சுன்னு பாத்தீரா வே?” என்றார் கடைக்காரரிடம். “குடத்துக்காரன் ரெண்டு அடி கூட அடிச்சான்லா, அதுக்குள்ள ஒளிச்சு எடுத்துட்டு.”

அரசாங்கம் நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. சங்குக்கு இறங்குவது அதற்குப் பிறகும் தொடர்ந்தது. அந்தத் தொழிலில் பழகிய கணக்கைப் பெரியவர் இப்போது பாட்டுக்காரிகளிடம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

“பொம்பளப் பாட்டுன்னா மட்டும் எந்தூரா இருந்தாலும் வந்துருதிய பெரியப்பா” என்றார் கடைக்காரர்.

“அம்பாப் பாட்டு ஆயுசு பூரா கேட்டாச்சு வே. வல இழுக்க ஆம்பளத் தொண்ட. போதும்.”

பேச்சு வளர்ந்தது. ‘ஆண்பாவம்’ வந்த 1985-இல் கொல்லங்குடி கருப்பாயிக்காகவே திரும்பத் திரும்பத் தியேட்டருக்குப் போனாராம். பரவை முனியம்மாவைப் பற்றிச் சொல்லும்போது கை தன்னால் தாளம் போட்டது. 2018-இல் செத்துப்போன வில்லுக்காரி பூங்கனியின் பெயரைச் சொன்னபோது ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். சிறுமியாக இருந்த காலத்திலேயே வில்லுக்கு முன்னால் உட்கார்ந்த குமரி மாவட்டத்துக்காரி அவர்.

பெரியவர் சொல்லாத ஒன்றை நான் சொல்லிக்கொள்கிறேன். கருப்பாயியும் முனியம்மாவும் சினிமாவுக்குக் கிழவிகளாகத்தான் கிடைத்தார்கள். ‘தூள்’ வந்த 2003-இல் முனியம்மாவுக்கு வயதாகிவிட்டிருந்தது. அவர்களுடைய இருபத்தைந்து வயதுக் குரலைத் திரையில் யாரும் கேட்டதில்லை. ராஜலட்சுமிக்கு அப்படி ஆகவில்லை. 2018-இல் டிவி மேடையில் கணவர் செந்தில் கணேஷோடு கிராமியப் பாட்டைப் பாடினார். 2021-இல் ‘புஷ்பா’வின் தமிழ்ப் பாட்டில் ஊரெல்லாம் அவர் குரல். நாட்டுப்புறப் பாட்டு என்றால் நரைத்த தலை என்ற வழக்கம் இப்போதுதான் உடைகிறது. இந்த வில்லுக்காரியின் பாட்டும் எதிர்ச்சாரியில் நிற்கிற பையன்களின் செல்போன்களில் பதிவாகிக்கொண்டிருந்தது.

விடிய இன்னும் நேரமிருக்க, அளத்துக்குப் போகிற பெண்கள் பந்தலிலிருந்து எழுந்தார்கள். தூக்குச்சட்டி, டார்ச், சேலைக்கு மேல் ஆண்சட்டை. வெயில் ஏறுமுன் உப்பு வார வேண்டும். ஒருத்தி மட்டும் நின்று, “தீர்ப்பு சொன்ன பொறவு வாரேன், நீங்க போங்க” என்றாள்.

அந்த நேரத்தில்தான் பாடகியின் குரல் பிசிறியது. உச்சியில் ஒரு சொல் உடைந்து காற்றாகப் போயிற்று. தாளக்காரர் தண்ணீரை நீட்டினார். அவள் வாங்கவில்லை, உடைந்த குரலிலேயே அடுத்த அடியை எடுத்தாள். கடைக்காரர் உச்சுக் கொட்டினார்.

“கரகரன்னு வரட்டும் வே” என்றார் பெரியவர். “மூணு மணிக்கும் இனிச்சிதுன்னா அது கேசட்டு.”

இடைவேளையில் மேடைப் பக்கம் போனார். பாடகியிடம் பேசவில்லை. குடத்துக்காரரைத் தனியே கூப்பிட்டு, அடுத்த பாட்டு எங்கே என்று விசாரித்தார். வர்ற செவ்வாய் ஏரலுக்குத் தெற்கே. பேனரில் இருந்த போன் நம்பரைக் கூட வந்திருந்த பேரனை விட்டுப் படம் எடுக்கச் சொன்னார். திரும்பும் வழியில் நின்ற ஆட்டோக்காரரிடம் ஏரலுக்கு வாடகை கேட்டார். அவர் சொன்ன தொகைக்கு, “நான் பாட்டு கேக்கத்தான் போறேன், பொண்ணு பாக்க இல்ல” என்றார். ஆட்டோக்காரர் இருநூறு குறைத்தார். பெரியவர் இன்னும் நூறு குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது மேடையில் மறுபடி வீசுகோல் விழுந்தது.

“செரி செரி, அதையே தாரேன். செவ்வாக்கிழம ஏழு மணிக்குள்ள வந்துரணும்” என்று சொல்லிவிட்டு ஸ்டூலுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார்.